நீல நூல் தைத்த சட்டை

யூன் 9, திங்கள்

குகதாசன் இன்று இருமுறை தொலைபேசியில் அழைத்தான். என் தம்பியின் மகன் ஒரே நாளில் இருமுறை அழைத்தால் ஒன்றில் யாரோ இறந்திருக்க வேண்டும், அல்லது அவனுக்கு என்னிடமிருந்து ஏதோ வேண்டியிருக்க வேண்டும். யாரும் இறக்கவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பங்களைச் சரிபார்க்க இம்முறை வீடு வீடாக வரப்போகிறார்களாம். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு, போட்டி குறைந்த வன்னி மாவட்டங்களில் பெயரைப் பதிந்து, அந்த மாவட்டத்துக்கென ஒதுக்கிய இடங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று யாரோ உரத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. குகதாசனின் மகள் அபிசனா அப்படிப் பிடித்தவர்களில் ஒருத்தி. அவள் மூன்று ஆண்டுகளாகக் கிளிநொச்சியில் என் வீட்டில் தங்கி, இங்குள்ள பள்ளிக்கூடமொன்றில் படித்தாள் என்று ஒரு கடதாசி சொல்கிறது. அதில் கையொப்பமிட்டவள் நான்.

உண்மையில் அவள் யாழ்ப்பாணத்தில் தன் பெற்றோருடன் இருந்தாள். அங்கேயே ரியூசன் வகுப்புகளுக்குப் போனாள். பரீட்சைக்கும், தலையைக் காட்டவேண்டிய சில நாட்களுக்கும் பஸ்ஸில் வந்தாள். வந்த நாட்களில் மத்தியானம் என் சோற்றைச் சாப்பிட்டாள். மற்ற நாட்களில் பள்ளி வரவு எப்படி இடப்பட்டது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

"ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ மாமி," என்றான் குகதாசன். நான் பயப்படுவதாக அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

யூன் 10, செவ்வாய்

காலை வழமையான கூச்சல். பக்கத்து வளவுத் தவமலர் வேலியடியில் நின்று, "ரீச்சர், எழும்பிட்டியளோ?" என்று கேட்பாள். நான் மூடியால் கேத்திலில் இரண்டு தட்டுத் தட்டுவேன். சென்ற ஆண்டு குளியலறையில் எனக்குக் கால் சற்று வழுக்கியதிலிருந்து இந்த ஏற்பாடு. அவள் ஏற்படுத்தியது. நான் சம்மதிக்கவில்லை; கேத்தில்தான் சம்மதித்தது.

தவமலர் வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறாள். அவள் கணவன் 2009இல், போர் முடிந்த நாட்களில், இராணுவத்திடம் சரணடைய ஒரு வரிசையில் நின்றான். அதற்குப் பிறகு இல்லை. ஒரே மகள் இசைவிழி. அபிசனாவின் வகுப்புத்தான், அதே பள்ளிக்கூடம். இவள் நாள்தோறும் போனவள். இன்று என் ஆங்கில அகராதியைத் திருப்பித் தர வந்து, தராமலே கொண்டுபோனாள்.

"இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருக்கட்டோ ரீச்சர்? ரெண்டாந்தரம் எடுக்கப் போறன்."

"முதற்தரம் என்ன குறை?"

"ஒண்டுமில்லை. மாவட்டத்தில ஏழாவது. மெடிசினுக்குப் போன முறை ஆறு பேரோட முடிஞ்சுது." தலைவிதி என்று அழவில்லை, கடைச்சாமான் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "ஆரும் ஒராள் வேண்டாமெண்டு விட்டால் எனக்கு வரும். ஆர் விடுவினம்?"

நான் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். முறித்து முடித்தேன்.

அபிசனா ஆறாவது.

யூன் 12, வியாழன்

நித்திரை இல்லை. கடைக்குப் போய் வெங்காயத்தை மறந்துவிட்டு, இருக்கிற உப்பை மறுபடியும் வாங்கி வந்தேன்.

யூன் 14, சனி

குகதாசனும் மனைவி வதனியும் அபிசனாவும் வாகனம் நிறையச் சாமான்களுடன் வந்து இறங்கினார்கள். கட்டில், மேசை விளக்கு, புத்தகங்கள், சீப்பு, தேய்ந்த செருப்பு, சுவரில் ஒட்ட மூலக அட்டவணை. கிழக்கறையில் என் நெல்மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, மத்தியானத்துக்குள் ஒரு பிள்ளை அங்கே மூன்று ஆண்டுகள் வாழ்ந்து முடித்துவிட்டாள். வதனி மேசை விளிம்பில் பேனாவால் கிறுக்கக்கூடச் செய்தாள். திறமைசாலி. கட்டடக் கலைஞர்களுக்கு வீடு கட்ட ஆண்டுகள் பிடிக்கின்றன.

பிறகு எனக்குப் பரீட்சை. குகதாசன் கதிரையைத் திருப்பிப் போட்டு எனக்கு எதிரே அமர்ந்தான்.

"பிள்ளை எத்தினை மணிக்கு எழும்புவா?"

"எனக்கென்ன தெரியும்?"

"மாமி!"

"ஐஞ்சு மணி."

"சாப்பாட்டில என்ன பிடிக்காது?"

"உன்னைப்போலக் கேள்வி கேட்கிற ஆக்களை."

வதனி சிரித்துவிட்டாள். குகதாசன் சிரிக்கவில்லை. அவன் வங்கி முகாமையாளர்; அவர்கள் சிரிப்பதற்கு ஒரு நேரம் வைத்திருப்பார்கள். "வெண்டிக்காய் மாமி. வெண்டிக்காய் பிடிக்காது. சொல்லுங்கோ." சொன்னேன். 1967இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புவியியல் படிக்கப் போனவள் நான். அந்த நேர்முகத்தில் வெண்டிக்காய் வரவில்லை.

இது சரிதானா என்று அவனை ஒருமுறை கேட்டேன். ஒருமுறைதான். அவன் தன் தந்தையை எடுத்து முன்னால் வைத்தான். என் தம்பி எழுபத்து நான்கில் பரீட்சை எடுத்தவன். பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட அடிப்படை வந்த காலம். வேறெந்த மாவட்டத்தில் பிறந்திருந்தாலும் அந்தப் புள்ளிக்குப் பொறியியல் கிடைத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்த குற்றத்துக்கு எழுதுவினைஞனாகி, இறக்கும் வாரத்திலும் அந்தப் புள்ளிகளைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்பாட்டை எடுத்ததைத் திருப்பி எடுக்கிறம் மாமி. அவ்வளவுதான்."

யாரிடமிருந்து எடுக்கிறோம் என்று அவன் சொல்லவில்லை. எனக்கு முகவரி தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம்.

புறப்படுமுன் தொலைபேசியில் படம் காட்டினான். யாழ்ப்பாணத்து வீட்டின் கீழ்த்தளத்தில் எனக்கென ஒரு அறை எழும்புகிறது. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள் பூட்டியாயிற்று. தரை வழுக்காத ஓடு. "அடுத்த மாதம் நீங்கள் வந்திடலாம். தனிய இருந்து என்ன செய்யப் போறியள்?" நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. அவன் தந்தையும் விதிக்காமலே காரியம் சாதிப்பான்.

கம்பிகளை நான் தேவைக்கு அதிகமாக உற்றுப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்கும் இடையில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தவள் நான்தான். வதனி அலுமாரியில் இரண்டு பாடசாலைச் சட்டைகளை மாட்டியிருந்தாள். பால் வெள்ளை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் இரும்பு அதிகம். இந்தத் தண்ணீரில் தோய்த்த வெள்ளை, ஒரு தவணை முடிவதற்குள் பழுப்பேறிவிடும். வருகிற அலுவலர் இந்த ஊரவராக இருந்தால் அலுமாரியைத் திறந்ததுமே விளங்கிவிடும். இதைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னேன் என்று யோசித்தேன். கேள்வித்தாளைக் கண்டால் விடை எழுதிவிடுகிற பழக்கம்.

"அப்ப பழசு ரெண்டு எடுங்கோவன் மாமி," என்றாள் வதனி, வேலிப் பக்கம் பார்த்து. "அவையின்ர பிள்ளையும் இப்ப பள்ளிக்கூடம் முடிச்சிட்டுதுதானே?"

யூன் 15, ஞாயிறு

தவமலரிடம் இசைவிழியின் பழைய சட்டை இரண்டு கேட்டேன். யாருக்கோ கொடுக்க என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பெயர் வைத்திருந்தேன். மாலையில் இரண்டையும் ஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுவந்தாள். கூடவே முருங்கைக்கீரை.

ஒன்றின் வலக்கையில் நீண்ட கிழிசல். நீல நூலால் தைத்திருக்கிறது. "இதை வேணுமெண்டால் பிரிச்சு வெள்ளை நூலால தைச்சுத் தாறன் ரீச்சர்," என்றாள்.

"தேவையில்லை," என்றேன். பழையது பழையதாகத் தெரிவதுதான் நல்லது.

கீரையைச் சமைக்கவில்லை. வாடிவிட்டது.

யூன் 16, திங்கள்

அபிசனாவை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார்கள், அலுவலர்கள் வரும்வரை. நீளமான, மெல்லிய, நகம் கடிக்கிற பிள்ளை. என்னை "மாமி" என்கிறாள், தன் தகப்பன் அழைப்பதைக் கேட்டு. முறை பிழை. நான் திருத்தவில்லை.

குசினி வாசலில் நின்று, "மாமி, அலுமாரியில இருக்கிற சட்டை ஆரின்ர?" என்றாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர."

"இசைவிழியின்ரயோ? எங்கட வகுப்பு. நான் போற நாளில எனக்கு நோட்ஸ் தாறவள்." சற்று நின்றாள். "அவவுக்கு எத்தினையாவது வந்தது?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "ஏழு."

அவள் திரும்பி அறைக்குள் போனாள். இரவு சாப்பிடவில்லை. வெண்டிக்காய் வைக்கவில்லை, எனவே அது காரணமன்று.

யூன் 17, செவ்வாய்

வரவில்லை. வாசலில் ஏதாவது மோட்டார் சைக்கிள் நின்றாலே எங்கள் இருவருக்கும் கையிலிருப்பது கீழே விழுகிறது. ஒரு கோப்பை உடைந்தது. பீங்கான், என் திருமணத்துக்கு வந்தது. கணவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன, கோப்பைதான் நிலைத்திருந்தது.

கையொப்பமிட்டவர்களைப் பொலிசுக்குக் கொண்டுபோவார்களா என்று எங்கள் கிராம அலுவலர் விதானையாரிடம் விளையாட்டாகக் கேட்க நினைத்தேன். விளையாட்டாகக் கேட்கும் குரல் வரவில்லை.

யூன் 18, புதன்

வந்தார்கள். வரிசையாக எழுதுகிறேன், வரிசை தவறினால் நான் எனக்கே சாதகமாக எழுதிவிடுவேன்.

பத்து மணியளவில் வாசற் படலையில் வெள்ளை வான் நின்றது. ஆட்களை ஏற்றிப்போய்த் திருப்பித் தராத வான்களின் நிறம்; ஓர் அலுவலகத்துக்கு இந்த நாட்டில் வேறு நிறம் கிடைக்கவில்லையா? கண்ணாடிக்கு உள்ளே பார்க்க முடியவில்லை. அதிலிருந்து இறங்கியவர்கள் ஒரு பெண் அலுவலர், கோப்பு தூக்கிய ஓர் இளைஞன், எங்கள் விதானையார். அயலவர் ஒருவரின் சாட்சியும் வேண்டும் என்று விதானையார் வேலியடியில் நின்று தவமலரைக் கூப்பிட்டார். கழுத்தில் அளவு நாடா தொங்க, அப்படியே வந்தாள்.

பெண் அலுவலருக்கு ஐம்பது வயதிருக்கும். வியர்த்த முகம், சோர்ந்த நடை, சோராத கண். குரலைக் கேட்டதும் தெரிந்தது, இந்தப் பக்கத்தவர்.

"பிள்ளை, ரீச்சரை நீர் என்னெண்டு கூப்பிடுறனீர்?"

"மாமி," என்றாள் அபிசனா.

பேனா நின்றது. "அப்பாவுக்கெல்லோ மாமி? உமக்கு அப்பம்மா முறையெல்லோ?"

பிள்ளையின் கழுத்து சிவந்தது. நான் சொன்னேன்: "அப்பம்மா எண்டு கூப்பிட நான் விடேல்லை. எனக்கு அந்தச் சொல் பிடியாது. கேட்டால் கிழவி மாதிரி இருக்கும்."

அவர் சிரித்தார். நான் சொன்னது உண்மை என்பதால் எனக்கு எளிதாக வந்தது.

கிழக்கறைக்குள் போனார்கள். தவமலர் நிலையோடு சாய்ந்து நின்றாள். அலுவலர் மேசைக் கிறுக்கலைத் தடவினார், புத்தகங்களைப் புரட்டினார், அலுமாரியைத் திறந்தார். ஒரு சட்டையை வெளியே எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஓம், எங்கட கிணத்துத் தண்ணிதான்," என்றார் இளைஞனிடம். "யாழ்ப்பாணத்தில தோய்ச்சால் இப்படிப் பழுப்பு ஏறாது. எழுதும்."

நான் வென்றேன். புவியியல் சிறப்புப் பட்டதாரி.

பிறகு அவருடைய விரல் வலக்கையின் நீல நூலில் நின்றது. "இதென்ன பிள்ளை, இவ்வளவு பெரிய கிழிசல்?"

அபிசனா என்னைப் பார்த்தாள். அலுவலர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் சோர்வு போய்விட்டது. கிழிசல் என்ன என்று தன் சட்டையைப் பற்றியே தெரியாத பிள்ளை.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த கதை அது ஒன்றுதான்.

"போன வருசம் நான் குளியலறையில விழுந்திட்டன். முதல்நாள் பின்னேரம் விழுந்தது. எழும்பேலாது, கூப்பிட்டாலும் சத்தம் வராது. படலைக்கு உள்ளுக்குப் பூட்டு. விடியப் பள்ளிக்கூடம் வெளிக்கிட்ட பிள்ளை, என்னைக் காணேல்லையெண்டு முட்கம்பி வேலி பாய்ஞ்சு உள்ளுக்கு வந்தவள். அதில கிழிஞ்சது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நான் இல்லை. அந்தப் பிள்ளைதான் இது."

ஒரே வீட்டில் வசிக்கும் பிள்ளை ஏன் வேலி பாய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அலுவலர் தவமலர் பக்கம் திரும்பினார். "அப்பிடியோ அம்மா?"

தவமலரின் கண் சட்டையில் இருந்தது. பிறகு என் கைகளுக்கு வந்தது. அவற்றை நான் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருந்தேன், அப்படியும் அடங்கவில்லை. அவள் யன்னலூடாகப் படலையில் நின்ற வெள்ளை வானைப் பார்த்தாள்.

"ஓம் மிஸ்," என்றாள். "இந்தப் பிள்ளைதான். நான்தான் தைச்சுக் குடுத்தனான். மெஷினில நீல நூல்தான் கோத்திருந்தது."

அலுவலர் அபிசனாவின் தலையைத் தடவினார். "நல்லாப் படிச்சு டொக்டரா வந்து இஞ்சையே வேலை செய்யவேணும், என்ன?" என்றார். எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தவமலர் நாடாவைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பாராமல் போனாள். அபிசனா கிணற்றடிக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்தாள்.

குகதாசன் தொலைபேசியில் கத்தினான்: "மாமி, பேராதனை பேராதனைதான்!" பின்னேரம் வந்து மகளையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போனான். சட்டைகளை விட்டுப் போனார்கள்.

யூன் 19, வியாழன்

காலையில் வேலியடியில் சத்தம் இல்லை. மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எனவே நோய் இல்லை.

கேத்தில் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பிறகு தேநீர் போட்டேன்.

யூன் 20, வெள்ளி

இன்றும் இல்லை.

மத்தியானம் படலைக்கு வெளியே, நிழலில், என் அகராதியும் நான் இசைவிழிக்கு வாங்கிக் கொடுத்த உயிரியல் வழிகாட்டி இரண்டும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. புத்தகத்துக்கு மண் படாதபடி கீழே கடதாசி விரித்திருந்தாள். படலையைத் தட்டவில்லை.

யூன் 21, சனி

குளியலறைக்குள் போகும்போது கதவைச் சாத்துவதில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது அது நாகரிகக் குறைவாகாது.

குகதாசன் படம் அனுப்பியிருக்கிறான். என் அறைச் சுவருக்குப் பச்சை நிறம் பூசியாயிற்றாம். மருத்துவமனைப் பச்சை. அந்தக் கம்பிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரும்பு, நல்ல தடிப்பு. விழுந்தால் அதைப் பிடிக்கலாம். ஆனால் அது கூப்பிட்டுப் பார்க்காது.

யூன் 22, ஞாயிறு

வேலியடிக்கு நானே போனேன். தவமலர் விறாந்தையில் மெஷினில் இருந்தாள். கண்டும் நிறுத்தவில்லை.

"தவமலர்."

"சொல்லுங்கோ ரீச்சர்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

துணியின் ஓரம் முடியும்வரை தைத்தாள். பிறகுதான் நிறுத்தினாள்.

"வெள்ளை வான் ரீச்சர். படலையில வந்து நிண்டு, இந்த வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேக்கினம். வீட்டுக்காரர் என்ன சொன்னவையோ, அதைத்தான் நாங்களும் சொல்லுவம். அதுக்கு யோசிக்கிறேல்லை. அந்த நேரம் யோசிச்சுக் கதைச்ச ஆக்கள், ஆரையெண்டாலும் குடுத்துப்போட்டுத்தான் வந்தவை." நூலைப் பல்லால் அறுத்தாள். "உங்கட கை நடுங்கினதைக் கண்டிட்டன். வாய் தன்ரபாட்டில ஓம் எண்டிட்டுது."

"அது பள்ளிக்கூட விசாரணை."

"எனக்கு இப்ப தெரியும் ரீச்சர். அப்ப வான்தான் தெரிஞ்சது."

நான் நின்றேன். அவள் அடுத்த துணியை எடுத்தாள், தைக்கவில்லை.

"வீட்டை வந்து இவளின்ர முகத்தைப் பாத்தாப் பிறகுதான் நான் என்ன குடுத்தனான் எண்டு விளங்கிச்சுது. மகள் என்ன கேட்டவள் தெரியுமோ? இடத்தைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. 'அம்மா, வேலி பாய்ஞ்சது நானெண்டாவது சொல்லியிருக்கலாம்' எண்டாள்."

சொல்வதற்கு என்னிடம் சில வாக்கியங்கள் இருந்தன. எல்லாம் நன்றாக அமைந்த வாக்கியங்கள். அவற்றோடு திரும்பி வந்தேன்.

சென்ற ஆண்டைப் பற்றி ஒரு விடயம். இந்தப் புத்தகத்தில் "கால் சற்று வழுக்கியது" என்று எழுதியிருக்கிறேன். அந்த இரவு முழுவதும் ஈரத் தரையில் கிடந்தேன். எறும்பு ஊர்ந்தது, தட்ட முடியவில்லை. குகதாசனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தெய்வத்தைக் கூப்பிடவில்லை. விடிந்து கதவில் ஒரு பிள்ளையின் முகம் தெரிந்தபோது அவள் கையிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "ரீச்சர், பயப்பிடாதேங்கோ, நான் வந்திட்டன்," என்றாள். அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்த நாளில் அபிசனாவுக்கு வரவு இட்டிருப்பார்கள்.

குகதாசன் மூன்றாம் நாள் வந்தான்.

யூன் 23, திங்கள்

நீல நூல் தைத்த சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இறங்கித் திரும்பிவிடலாம் என்று இரண்டு தரிப்பிடங்களில் எழுந்து நின்றேன். இரண்டாவது தடவை நடத்துநர், "அம்மா, ஒண்டில் இருங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ," என்றான். இருந்தேன்.

அலுவலகத்தில் அந்தப் பெண் அலுவலர் தன் மேசையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழுந்து கதிரை தந்தார். சட்டையை மேசையில் வைத்தேன்.

"பிள்ளை என்ர வீட்டில இருக்கேல்லை. ஒரு நாளும் இரவு தங்கேல்லை, போன கிழமை தவிர. இந்தச் சட்டை அவளின்ர இல்லை."

அவர் கையைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"ரீச்சர், நீங்கள் சொன்னதை எழுதி அனுப்பியாச்சு. இப்ப மாத்தினால் வில்லங்கம் உங்களுக்குத்தான். கையெழுத்து வைச்சது நீங்கள்."

"வில்லங்கத்துக்குப் பயந்துதான் அண்டைக்கு அப்பிடிச் சொன்னது."

"இப்ப பயமில்லையோ?"

"இப்பவும் பயம்தான். எழுதுங்கோ."

எழுதினார். வேலி பாய்ந்தவள் யார் என்று கேட்டார். "இசைவிழி," என்றேன். அந்தப் பெயரை அவர் தன் கணினியில் தேடினார்; கண்டுபிடித்தார். பிறகு பேனாவை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்:

"அப்ப அந்தத் தாயும் பொய்ச்சாட்சி சொன்னவவோ?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு என்ன நடக்கும் என்பதை மட்டுமே யோசித்தேன். கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ என்னைப் பாத்துப் பயந்துபோய்த் தலையாட்டினவ. வெள்ளை வானைப் பாத்துப் பயந்தவ. நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தானே. அந்தப் பயம் என்னெண்டு உங்களுக்கு நான் சொல்லவேணுமோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே அந்த வான் நின்றது, வெயிலில், கண்ணாடி உயர்த்தி.

"அயலவர் சரியாகத் தெரியாமற் சொன்னார்," என்று சொல்லிச் சொல்லி எழுதினார். பேனாவை மூடினார். சட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எனக்கு என்ன நடக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. இடம் யாருக்குப் போகும் என்பது அவர் கையில் இல்லையாம், மேலே அனுப்புவாராம்.

வரும் வழியில் வெங்காயம் வாங்கினேன். மறக்கவில்லை.

யூன் 24, செவ்வாய்

செய்தி யாழ்ப்பாணம் போய்விட்டது; குகதாசன் ஒருமுறைதான் அழைத்தான்.

"பிள்ளை இப்ப யாழ்ப்பாண லிஸ்டுக்குப் போயிடும் மாமி. அங்கை இந்தப் புள்ளிக்கு மெடிசின் கனவிலும் இல்லை. பொய்க் கடிதமெண்டு கேஸ் போட்டால் ஒண்டுமே இல்லை. விளங்குதோ உங்களுக்கு, என்ன செய்தனீங்கள் எண்டு?"

"விளங்குது."

"அப்பா இருந்திருந்தால் உங்கட முகத்தில முழிக்க மாட்டார்."

இருக்கலாம். தம்பி பிடிவாதக்காரன். நான் அதைத்தான் சொன்னேன். தொலைபேசி வைக்கப்பட்டது. அறையைப் பற்றிப் பேச்சில்லை. பச்சை நிறம் எனக்கு எப்படியும் பிடிக்காது.

அபிசனாவிடமிருந்து எதுவும் இல்லை. அவளிடமிருந்து எதையும் எதிர்பார்க்கும் இடத்தில் நான் இல்லை. நகத்தைக் கடித்துத் தோலுக்கு வந்திருப்பாள்.

படலைப் பூட்டைக் கழற்றி மேசை இலாச்சிக்குள் போட்டேன். கள்வர் வரட்டும். அலுமாரியில் ஒரு பழுப்பேறிய சட்டை மட்டும் இருக்கிறது.

யூன் 25, புதன்

விழிப்பு வெள்ளனவே வந்துவிட்டது. படுத்தபடியே கை கால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன், தவணை முடிவில் பள்ளிக்கூடத் தளபாடம் எண்ணுவதுபோல. எல்லாம் இருந்தன. எழுந்தேன். குளியலறைக்குப் போய், சுவரைப் பிடித்துத் திரும்பி வந்தேன். கேத்திலை வைத்தேன்.

வேலியடியில் சத்தம் இல்லை. மெஷின் சத்தமும் இல்லை. விதானையார் நேற்றுப் பின்னேரம் தவமலரின் படலையில் நின்று பேசிவிட்டுப் போனதைக் கண்டேன். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அல்லது எதுவும் தெரிந்திருக்காது. இரண்டில் எதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் கொதித்தது. மூடியை எடுத்தேன். கூப்பிட்டால்தான் தட்டுவது என்பது ஏற்பாடு. யாரும் கூப்பிடவில்லை. நானே தட்டினேன். இரண்டு தட்டு.

ஒன்றுமில்லை.

மறுபடியும் தட்டினேன், பலமாக. கேத்தில் அலுமினியம், சத்தம் வீதிவரை போயிருக்கும். பக்கத்தில் ஒரு நாய் குரைத்தது. என் கை நிற்கவில்லை.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தவமலரின் குரல் வந்தது.

"கேக்குது. கேத்திலை உடைச்சுப்போடாதேங்கோ."

"ரீச்சர்" என்ற சொல் இல்லை. குறித்துக்கொள்கிறேன்.

நாளைக்கும் தட்டுவேன்.